பெரிய கோயிலைத் தாண்டி – 11
சீல் வைக்கப்பட்ட அரண்மனை

சென்ற வாரம் இரண்டாம் சரபோஜியோடு இருந்தோம். 1799 அக்டோபர் 25-ம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சோழமண்டலத்தின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்தவர் அவர். பதிலுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, தஞ்சைக் கோட்டை. நாடு போன பிறகு அவர் புத்தகங்களைச் சேர்த்தார். அச்சுக்கூடம் வைத்தார். கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக எழுதவைத்து, சிகிச்சைக் குறிப்புகளைப் பதிவு செய்தார். காசிக்குப் போய் வந்தார். 1832 மார்ச்சில் காலமானார்.

அடுத்து அரியணை ஏறியவர் ஒரே மகன் சிவாஜி. இந்த வாரக் கதை அவருடைய மரணத்தில் தொடங்குகிறது.

* * *

காலியான அறைகள்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நந்தியைச் சுற்றி வந்து, விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நேரம் மிச்சம் இருப்பவர்கள்தான் கீழராஜவீதிப் பக்கம் திரும்பி அரண்மனைக்குள் நுழைகிறார்கள்.

உள்ளே தர்பார் மண்டபம் இருக்கிறது. வண்ணம் தீட்டிய தூண்கள், வளைவுகள், சரபோஜியின் பளிங்குச் சிலை, சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் வைத்த கலைக்கூடம். மேலே ஏறினால் கோயில் விமானம்போல அடுக்கடுக்காக எழும் கோபுரம். அதே வளாகத்தில் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. ராஜாவின் அரண்மனையில் திமிங்கிலம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். இடம் காலியாக இருந்தது, கொண்டுவந்து வைத்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது.

அந்தக் காலியிடம்தான் நம் விஷயம். மூன்று நூற்றாண்டு நாயக்கர்களும் மராட்டியர்களும் வாழ்ந்த வீட்டில் ராஜவாழ்க்கையின் தட்டுமுட்டுச் சாமான் ஏன் இவ்வளவு குறைவு?

காலம் அழித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். காலத்தின்மேல் பழி போட்டால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் தஞ்சை அரண்மனையின் வெறுமைக்குத் தேதி இருக்கிறது. உத்தரவு இருக்கிறது. வழக்கு இருக்கிறது. லண்டனில் எழுதப்பட்ட தீர்ப்பும் இருக்கிறது.

* * *

அக்டோபர் 1855

சிவாஜி ராஜாவுக்கு ராணிகள் பலர். இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை. சுவீகாரமும் எடுக்கவில்லை.

ஆண் பிள்ளை இல்லாத சமஸ்தானங்களுக்கு அது கெட்ட காலம். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1848-ல் சாத்தாராவை எடுத்துக்கொண்டார். பின்னாலேயே ஜான்சியும் நாகபுரியும் போயின. சாத்தாராவும் நாகபுரியும் போன்ஸ்லே வம்சத்தவர் ஆண்ட இடங்கள். தஞ்சையை ஆண்டதும் போன்ஸ்லே வம்சமே. வடக்கிலிருந்து ஒவ்வொரு செய்தி வரும்போதும் தஞ்சைக் கோட்டைக்குள் எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்!

1855 அக்டோபர் 7-ம் தேதி சென்னையில் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் இறந்தார். அவருக்கும் பிள்ளை இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கதி என்ன என்று சென்னையே பேசிக்கொண்டிருந்த நேரம்.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 29-ம் தேதி, தஞ்சையில் சிவாஜி ராஜா காலமானார்.

ஒரே மாதத்தில் தெற்கின் இரண்டு பெரிய பட்டங்களுக்கும் உரியவர் இல்லாமல் போனார். பட்டம் இருந்தால்தான் மானியம். மானியம் நின்றால் கம்பெனியின் கஜானாவுக்கு ஆண்டுதோறும் லாபம். கணக்கு எளிமையானது.

* * *

மகளுக்காகப் பேசிய வெள்ளைக்காரர்

இந்த இடத்தில் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

அப்போது தஞ்சையில் கம்பெனியின் ரெசிடென்ட் ஃபோர்ப்ஸ். ராஜ்யத்தை முடித்துவைக்க ஆள் தேடினால் முதலில் கைகாட்டப்பட வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் மேலிடத்துக்கு எழுதியது வேறு: ராஜாவுக்கு மகள் இருக்கிறாள், அவளை வாரிசாக ஏற்கலாம்.

அதற்கு முன்னுதாரணமும் தஞ்சையிலேயே இருந்தது. மராட்டிய வம்சத்தில் சுஜான்பாய் என்ற ராணி 1730-களில் சில காலம் அரியணையில் இருந்தவர். பெண் ஆள்வது தஞ்சைக்குப் புதிதல்ல.

கம்பெனியின் டைரக்டர்கள் ஏற்கவில்லை. 1856-ல் லண்டனிலிருந்து வந்த முடிவின் சாரம் இதுதான்: இந்து ராஜாவின் மகளுக்கு ராஜ்யத்தில் உரிமை உண்டு என்று எந்தச் சட்டமும் வழக்கமும் சொல்லவில்லை, வெறும் பட்டத்தைக் காப்பாற்றுவதற்காகப் பொதுப்பணத்தைச் செலவழித்து அப்படியொரு உரிமையைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

காரணத்தின் இரண்டாம் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. சட்டம் முன்னால் நின்றது. பின்னால் செலவுக் கணக்கு நின்றது.

தஞ்சை ராஜ்யம் முடிந்தது என்று அறிவித்தாயிற்று. சொத்துகளைக் கைப்பற்றும் பொறுப்பு யாரிடம் வந்தது? மகளுக்காக எழுதிய அதே ஃபோர்ப்ஸிடம்.

* * *

1856 அக்டோபர் 18

ராஜா இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் அரண்மனை அப்படியே இருந்தது. ராணிகள் அந்தப்புரத்தில் இருந்தார்கள். ஊழியர்கள் இருந்தார்கள். பூஜைகள் நடந்தன. ராஜ்யம் போனாலும் வீடு நம்முடையது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருந்தால் அதில் வியப்பில்லை.

அக்டோபர் 18-ம் தேதி ஃபோர்ப்ஸ் படையோடு வந்தார்.

சிப்பாய்கள் அரண்மனையைச் சுற்றிக்கொண்டார்கள். ராஜாவின் காவலர்களிடமிருந்து பொறுப்பு பிடுங்கப்பட்டது. கதவுகள் பூட்டப்பட்டன, பூட்டுகளின்மேல் சீல் விழுந்தது, வாசல்களில் கம்பெனியின் காவல் நின்றது.

எதன்மேல் சீல்? எல்லாவற்றின்மேலும். நகை, வெள்ளிப் பாத்திரம், ஆயுதசாலை, யானை குதிரை, நிலம், வீடு, பணம். சரபோஜி ஆயுள் முழுதும் சேர்த்த சுவடிகளும் புத்தகங்களும்கூட அரண்மனைச் சொத்தில் அடக்கம். ராஜ்யத்தின் சொத்து இது, ராஜாவின் சொந்தச் சொத்து இது என்று பிரித்துப் பார்த்து எடுத்த காரியமல்ல அது. மொத்தமாக எடுத்தார்கள்.

இந்த மொத்தம் என்ற அம்சத்தைத்தான் மூத்த ராணி பிடித்துக்கொண்டார்.

* * *

காமாட்சி பாயி வழக்குப் போடுகிறார்

அரண்மனைப் பெண்கள் அழுது ஓய்வார்கள், பிறகு கொடுக்கிற பென்ஷனை வாங்கிக்கொள்வார்கள் என்று கம்பெனி நினைத்திருக்கலாம். மூத்த ராணி காமாட்சி பாயி சாகிபா சென்னையில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

யோசித்துப் பார்த்தால் இது அபாரமான துணிச்சல். கம்பெனி எடுத்த சொத்துக்காகக் கம்பெனி ஆளும் நகரத்தில், ஆங்கிலச் சட்டப்படி நடக்கும் கோர்ட்டில், கோஷாவில் இருக்கும் ஒரு விதவை வழக்குத் தொடுக்கிறார்.

அவர் பக்கம் நின்றவர் ஜான் புரூஸ் நார்ட்டன். சென்னையின் பிரபல பாரிஸ்டர். டல்ஹௌசியின் கொள்கையைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். பிற்காலத்தில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடிய எர்ட்லி நார்ட்டன் இவருடைய மகன்.

ராணியின் தரப்பு வாதத்தை இப்படிச் சுருக்கலாம். ராஜ்யம் கம்பெனிக்குப் போனது சரியா தவறா என்ற பேச்சே இங்கு வேண்டாம். ஆனால் ராஜா ஒரு மனிதரும்கூட. அவருக்குச் சொந்த நகை இருந்தது, சொந்த நிலம் இருந்தது. ஆண் வாரிசில்லாமல் இறந்த இந்துவின் தனிச்சொத்து விதவைக்குப் போகும். மற்றவர்களுக்கு உள்ள அந்தச் சட்டம் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

கம்பெனியின் பதில்: நாங்கள் செய்தது ஆளும் சக்தி என்ற முறையில். அதை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.

சுப்ரீம் கோர்ட் ராணி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

தஞ்சை அரண்மனையில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கம்பெனியைக் கம்பெனி ஆளும் நகரத்தின் கோர்ட்டிலேயே வென்றாயிற்று. ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மேல்முறையீடு லண்டனுக்குப் போனது.

* * *

பெயர் மாறிய பிரதிவாதி

மேல்முறையீடு நடக்கும் காலத்தில் உலகம் தலைகீழானது. 1857-ல் வடக்கில் பெரும் கிளர்ச்சி. ஜான்சியின் ராணி வாளெடுத்தார். 1858-ல் கம்பெனியின் ஆட்சி முடிந்து, இந்தியா நேரடியாக விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு வந்தது.

எனவே வழக்கின் தலைப்பே மாறிவிட்டது. கம்பெனி இருந்த இடத்தில் இந்தியாவுக்கான அரசுச் செயலாளர் வந்தார். எதிரே அதே காமாட்சி பாயி சாகிபா. ஜான்சி ராணி போர்க்களத்தில் மாண்டதற்கு மறு ஆண்டு, 1859-ல், தஞ்சை ராணியின் வழக்கு லண்டனின் பிரிவி கவுன்சிலில் முடிந்தது.

தீர்ப்பைச் சொன்னவர் கிங்ஸ்டவுன் பிரபு.

ராணி தோற்றார். தோற்ற விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். சொத்து ராணியுடையதல்ல என்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. கம்பெனி செய்தது நியாயம் என்றும் சொல்லவில்லை. ஓர் ஆட்சி இன்னோர் ஆட்சியின்மேல் அதிகாரத்தைச் செலுத்திச் செய்த காரியம் இது. நியாயமோ அநியாயமோ, நன்மையோ தீமையோ, அதைப் பற்றிக் கோர்ட் அபிப்பிராயம் சொல்ல இடமில்லை என்றது. குறையிருந்தால் அரசாங்கத்திடம்தான் முறையிட வேண்டும்.

கேள்வி கேட்கவே முடியாது என்று சொல்லப்பட்டது. பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

சட்டக் கல்லூரிகளில் அரசுச் செயல் என்ற பாடம் வரும்போது இந்த வழக்கின் பெயரும் வரும். அந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொத்து எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று தெரியும்? கீழராஜவீதியில் இருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம்.

* * *

திரும்பி வந்தது என்ன?

கோர்ட் கொடுக்காததை அரசாங்கம் கொடுத்தது. 1857-க்குப் பிறகு பழைய அரச குடும்பங்களை இன்னும் சீண்டுவது புத்திசாலித்தனம் இல்லை என்று ஆட்சியாளர்களுக்குப் புரிந்திருந்தது. 1862 ஆகஸ்ட் 21-ம் தேதி உத்தரவின்படி ராஜாவின் சொத்துகள் அரச குடும்பத்துக்குத் திரும்பின. நிர்வாகம் மூத்த ராணியிடம். பலன் எல்லா ராணிகளுக்கும். கடைசி ராணியின் காலத்துக்குப் பிறகு ராஜாவின் மகளுக்கு. அவளும் இல்லையென்றால் அடுத்த வாரிசுகளுக்கு.

வழக்கில் தோற்றவர், தாம் கேட்டதில் பெரும்பகுதியைப் பெற்றார். ஆனால் உரிமையாக வரவில்லை, தயவாக வந்தது. இந்த வித்தியாசம் பின்னால் பெரிய தலைவலியாகப் போகிறது.

எல்லாமும் திரும்பவில்லை.

ஆயுதசாலையைப் பாருங்கள். மராட்டியர்களும் அவர்களுக்கு முன் நாயக்கர்களும் சேர்த்த வாள்கள், கட்டாரிகள், அங்குசங்கள், ஈட்டிகள். பிடியில் யாளியும் கிளியும் செதுக்கிய வேலைப்பாடுகள். 1860-களின் தொடக்கத்தில் இவற்றில் நல்லவையாகப் பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சம் திருச்சிக்குக் கொண்டுபோகப்பட்டு, உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இன்று தஞ்சை ராஜாவின் கட்டாரியைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர்தான் போக வேண்டும்.

ஊரில் தங்கிய பேராயுதம் ஒன்றே ஒன்று. கீழவாசலில் பீரங்கி மேட்டில் இருக்கும் நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி. வார்த்துச் செய்ததல்ல, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, காய்ச்சிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலே மாட்டி இறுக்கிச் செய்தது. கிட்டப் போனால் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள வரியைக் கையால் தடவிப் பார்க்கலாம். இருபது டன்னுக்கு மேல் எடை. யாரும் தூக்கிப்போகவில்லை.

கலைஞர்களுக்கும் இதே கதைதான். சபையில் ஆடவும் பாடவும் மானியம் கொடுக்க ராஜா இல்லை. ஊரில் வீடு இருந்தவர்கள்கூடப் பிழைப்புக்கு வெளியே பார்க்க வேண்டியதாயிற்று. சென்னைக்குப் போனார்கள், வேறு சமஸ்தானங்களுக்குப் போனார்கள். 1880-ல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண் லட்சுமிபாயைப் பரோடாவின் சாயாஜிராவ் கெய்க்வாட் மணந்தபோது, மணப்பெண்ணோடு சதிர் ஆடும் பெண்களும் நட்டுவனாரும் குஜராத்துக்குப் புறப்பட்டார்கள்.

வாள் எழும்பூருக்கு, சதிர் பரோடாவுக்கு. காலம் அழித்தது என்று சொல்கிறோமே, அந்தக் காலத்தின் முகவரிகள் இவை.

* * *

கோயிலும் சேர்ந்து வந்தது

பெரிய கோயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இந்த வழக்கின் நிழலுக்குள்தான் நடக்கிறார்கள். ராஜாவின் பொறுப்பில் இருந்த கோயில்கள் அரண்மனைக் குடும்பத்திடம் திரும்ப வந்தன. அரண்மனை தேவஸ்தானம் என்ற பெயரில், பரம்பரை அறங்காவலர் முறையில், 88 கோயில்கள் இன்றும் இருக்கின்றன. பெரிய கோயில் அதில் ஒன்று.

கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் 1803-ல் சரபோஜி வெட்டவைத்த மராட்டிக் கல்வெட்டு இருக்கிறது. போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு முழுவதையும் சுவரில் எழுதிவைத்தார் அவர். ராஜராஜனின் தமிழ்க் கல்வெட்டைத் தேடுகிறவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெட்டி அரை நூற்றாண்டு தாண்டியபோது அந்த வம்சத்தின் பட்டமே இல்லை. ஆனால் கோயிலின் அறங்காவலர் பொறுப்பு அந்தக் குடும்பத்திடமே நின்றது.

* * *

மிஞ்சியது புத்தகம்

ஆயுதம் போயிற்று, ஆட்டம் போயிற்று. ஆனால் அரண்மனையின் ஒரு பகுதி மட்டும் ஏறக்குறைய அப்படியே தப்பியது. அதுதான் சரஸ்வதி மகால் நூலகம்.

அங்குள்ள சிறு காட்சிக்கூடத்துக்குள் போனால் ஃபிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ புரூனின் படங்கள் கண்ணில் படும். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருப்பார். ஆந்தையைப் போன்ற மனிதன், ஆட்டைப் போன்ற மனிதன். பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஓலைச்சுவடிகள், மோடி எழுத்தில் உள்ள ஆவணக் கட்டுகள், சரபோஜி கையெழுத்திட்ட ஐரோப்பியப் புத்தகங்கள், கண் நோயாளிகளின் படங்கள், எல்லாம் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன.

ஏன் தப்பின? பழைய இரும்பாக விற்க முடியாதவை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 1870-களில் தஞ்சையின் ஜில்லா ஜட்ஜாக இருந்த பர்னெல் என்ற ஆங்கிலேயர் இங்குள்ள வடமொழிச் சுவடிகளை அட்டவணைப்படுத்தினார். 1880-ல் அது லண்டனில் அச்சானது. அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வெளியாள் இனி எடுக்க முடியாது, சரி. வீட்டுக்குள் இருப்பவர்கள்?

1862-ன் உத்தரவு தயவாகக் கொடுத்ததே தவிர, யாருக்கு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லவில்லை. மூத்தவள் நிர்வகிக்கலாம் என்றால் இளையவர்களுக்கு என்ன உரிமை? 1868-ல் இளைய ராணி ஜீஜாயி அம்பா பாயி மூத்த ராணி காமாட்சி பாயியின்மேல் தொடுத்த வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் நின்றது. கம்பெனியை எதிர்த்து ஒன்றாக நின்றிருக்க வேண்டியவர்கள் எதிரெதிராக நின்றார்கள். விதவைகள் பலர் சேர்ந்து பெற்ற சொத்தை எப்படி அனுபவிப்பது என்ற கேள்விக்கு வழக்கறிஞர்கள் நெடுநாள் மேற்கோள் காட்டிய தீர்ப்பு அது.

அதோடு முடியவில்லை. ராணிகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசி ராணிக்குப் பிறகு சொத்து யாருக்கு என்பதில் புதிய வழக்கு எழுந்தது. சிவாஜி ராஜா தமக்குப் பதிலாகக் கத்தி வைத்து மணந்த பெண்களின் வழியில் வந்தவர்களுக்கு உரிமை உண்டா? எங்கோ மராட்டியத்தில் இருந்த கோலாப்பூர் மகாராஜா தஞ்சை அரண்மனை வழக்குக்குள் எப்படி வந்தார்?

நகையை எடைபோட்டுப் பிரிக்கலாம். நிலத்தை அளந்து பிரிக்கலாம். ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடியை எப்படிப் பங்கு போடுவது? படைகொண்டு வந்த கம்பெனியிடமிருந்து தப்பிய சரஸ்வதி மகால், பங்குக்காகக் கோர்ட் ஏறிய சொந்தக் குடும்பத்திடமிருந்து தப்பியது எப்படி?

(தொடரும்)